இருக்கையும் கடவுச்சொல்லும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் உள்ள கணினி ஒன்றில் உட்கார்ந்து, ஓர் ஆய்வு மாணவி வெளிநாட்டு ஆய்விதழின் கட்டுரை ஒன்றைச் சொடுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்துக்கு உரிமை உள்ள இதழ் என்றால் முழுக் கட்டுரையும் அடிக்குறிப்புகளோடு திறந்துகொள்ளும். அதே மாணவி இரவு தாம்பரத்தில் உள்ள வீட்டிலிருந்து அதே இணைப்பைச் சொடுக்கினால் சுருக்கம் மட்டும் தெரியும். அதற்குக் கீழே விலை போட்டிருக்கும்: பெரும்பாலும் 30 டாலர், 40 டாலர். ஒரே ஒரு கட்டுரைக்கு நம் பணத்தில் ஏறத்தாழ 3,000 ரூபாய்.

இடையில் மாறியது கணினியின் ஐபி முகவரி மட்டும்தான். பல்கலைக்கழகம் தன் வளாகத்து முகவரிகளின் பட்டியலைப் பதிப்பகத்திடம் கொடுத்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்குள்ளிருந்து வரும் கோரிக்கையைப் பதிப்பகத்தின் வழங்கி கேள்வி கேட்காமல் அனுமதிக்கிறது. வெளியிலிருந்து வந்தால் கட்டணம் கேட்கிறது. கேட்பவர் முனைவர் பட்ட மாணவியா, வழிப்போக்கரா என்று அதற்குத் தெரியாது. இணையம் இடத்தை ஒழித்துவிட்டது என்று கால் நூற்றாண்டாகச் சொல்லி வருகிறோம். பல்கலைக்கழக நூலகத்தின் இணையச் சேவையில் மட்டும், எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் இன்றும் முதல் கேள்வி.

இந்தச் சுவரைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டாயின. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் நூலகராக இருந்த கிறிஸ் ஜாகர் 1999இல் ஈசிபிராக்சி என்ற மென்பொருளை எழுதினார். மாணவர் வீட்டிலிருந்து நூலகத்தின் வழங்கிக்குள் நுழைவார். அந்த வழங்கி அவருக்காகப் பதிப்பகத்திடம் கேட்டு வாங்கித் தரும். பதிப்பகத்தின் கண்ணுக்கு அவர் வளாகத்தில் இருப்பவராகவே தெரிவார். இரண்டாவது வழியில் பதிப்பகத்தின் பக்கத்தில் மாணவர் தன் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். உடனே அது அவரைப் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்கே கடவுச்சொல் கொடுத்ததும் பல்கலைக்கழகம் ‘இவர் எங்கள் மாணவர்தான்’ என்று பதிப்பகத்துக்கு உறுதி சொல்கிறது. கடவுச்சொல்லைப் பதிப்பகம் பார்ப்பதே இல்லை. இந்தியாவில் இந்த இரண்டாவது ஏற்பாட்டைக் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் ‘இன்ஃபெட்’ என்ற பெயரில் நடத்துகிறது. தன் நூலகம் அதில் சேர்ந்திருக்கிறதா, தனக்கென்று கணக்கு தொடங்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு மாணவர் விசாரிக்க ஐந்து நிமிடம் போதும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, அந்த ஐந்து நிமிடத்தை முன்பே செலவழித்தவர்களுக்கு நூலகம் வீட்டுக்குள் வந்தது. மற்றவர்களுக்கு வளாகத்தோடு சேர்ந்து அதுவும் பூட்டப்பட்டது.

இணைய ஆய்விதழ்களை இந்தியப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக வாங்கத் தொடங்கியது 2003இல். அந்த ஆண்டு டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் யுஜிசி-இன்ஃபோநெட் கூட்டமைப்பைத் தொடங்கி வைத்தார். தனித்தனியாகப் பேரம் பேச முடியாத பல்கலைக்கழகங்களுக்காக ஒரு மையம் பேரம் பேசும் முறை அது. 2015இல் அதுவும், தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான கூட்டமைப்பும், கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் திட்டமும் இ-ஷோத்சிந்து என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள். ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். அவற்றில் உள்ள சுமார் 1.8 கோடிப் பேர்.

வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் சொச்சம் வருகிறது. தாம்பரத்து மாணவிக்குப் பதிப்பகம் கேட்ட ஒற்றைக் கட்டுரை விலையில் பாதிகூட இல்லை. கொள்முதல் என்ற அளவில் இது பெரிய காரியம். ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியல் முதுகலை படிக்கும் பெண்ணுக்கு, ஐஐடி மாணவர் படிக்கும் அதே ஆய்விதழைப் படிக்கும் உரிமை எழுத்தளவில் கிடைத்திருக்கிறது. பத்தாண்டுக்கு முன் இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இதில் இரண்டு விஷயங்களைக் கவனித்தாக வேண்டும். சந்தா முடிந்தால் வாசிப்பும் முடிந்துபோகலாம் என்பது ஒன்று. அச்சு இதழை வாங்கிய காலத்தில், சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதிகள் அலமாரியில் இருந்தன. மின்னிதழில் பழைய தொகுதிகளுக்கான நிரந்தர உரிமை ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு. பத்து வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்சவியர் பதிப்பக நிறுவனத்தோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு, 2021 மார்ச்சில் புதிய உடன்பாடு வரும்வரை இரண்டு ஆண்டுகள் ஒப்பந்தம் இல்லாமலே காலம் தள்ளியது. அது தாக்குப்பிடிக்க முடிந்ததற்குப் பழைய இதழ்களில் கணிசமானவற்றுக்கு நிரந்தர உரிமையை முன்பே வாங்கி வைத்திருந்தது ஒரு காரணம். இரண்டாவது, திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. தமிழ்நாட்டில் எண்ணிக்கையில் பெருகியிருப்பவை சுயநிதிக் கல்லூரிகள். அங்கே கட்டணம் கட்டிப் படிப்பவர்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். இந்த 13,000 இதழ்களின் கதவு அவர்களுக்கு அந்தக் கட்டத்தில் திறக்கவில்லை.

கதவு திறந்திருக்கும் இடத்திலும் உள்ளே போகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. எந்த இதழ் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை உலகப் பொதுவான ‘கவுன்ட்டர்’ அளவுமுறைப்படி பதிப்பகங்கள் நூலகங்களுக்கு அறிக்கையாகத் தருகின்றன. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்திலும் பயன்பாட்டை ஆய்வு செய்யும் பொறுப்பு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கல்லூரியில் யாரும் சொடுக்கவில்லை என்றால் அந்தக் கல்லூரிக்கு அது தேவையில்லை என்று அறிக்கை காட்டும். அங்கே யாருமே சொல்லித் தரவில்லை என்பது அந்த அறிக்கையில் வராது.

இந்த இடத்தில் ஒரு பழைய பெயரை எடுக்காமல் நகர முடியாது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். வேலை செய்ய எதுவுமில்லாத அந்த அமைதி தாங்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று சில நாட்களிலேயே கேட்டார். லண்டனுக்குப் போய்ப் பயின்று வாருங்கள், பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்ப்போம் என்று அனுப்பி வைத்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்த மாதங்களில் அவர் ஊர் ஊராகப் போய்ப் பல நூலகங்களைப் பார்த்தார். பூட்டிய அலமாரியும் காவல் காக்கும் நூலகருமாக இருந்த சென்னைக்கு 1925இல் திரும்பியவர், வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையைக் கொண்டுவந்தார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. தேடுகிறவருக்கும் தேடப்படும் நூலுக்கும் நடுவே ஒரு மனிதர் நின்று இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். அதுவே நூலகத்தின் தலையாய வேலை என்பது அவர் வாழ்நாள் முழுக்க வாதாடிய விஷயம்.

இணையச் சேவைக்கு அந்த மனிதர் முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறார். அலமாரியில் தவறான புத்தகத்தை எடுத்தால் பக்கத்துப் புத்தகமாவது கண்ணில் படும். தேடுபெட்டியில் தவறான சொல்லைப் போட்டால் வெறும் பக்கம்தான் வரும். மாணவர் ‘இதைப் பற்றி ஒன்றும் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். எந்தத் தரவுத்தளத்தில் தேடுவது, மேற்கோள் குறி போட்டுத் தேடினால் என்ன வித்தியாசம், ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததும் அதை மேற்கோள் காட்டியவர்களைப் பின்தொடர்வது எப்படி, தன் நூலகத்தில் இல்லாததை ஆசிரியர் ஏதாவது ஒரு திறந்த களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறாரா என்று ‘அன்பேவால்’ போன்ற உலாவி நீட்சியால் பார்ப்பது எப்படி, டெல்நெட் என்ற நூலக வலையமைப்பு வழியாக வேறு நூலகத்துப் புத்தகத்தை வரவழைப்பது எப்படி என்பதையெல்லாம் சேர்க்கை நாளில் ஒரு மணி நேரச் சுற்றுலாவில் சொல்லி முடிக்க முடியாது. ஆய்வுத் தலைப்பு கையில் இருக்கும்போது, அந்தத் தலைப்பை வைத்தே பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். அதற்கு நூலகர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். நிரப்பப்பட்டவர் வருகைப் பதிவேட்டுக்கும் ஆய்வுக்குழு வருகைக்கான கோப்புகளுக்கும் அப்பால் நேரம் உள்ளவராக இருக்க வேண்டும். சந்தாவுக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கும் நாடு இதற்கு ஒதுக்குவது மிகக் குறைவு. இந்த ஏற்பாட்டின் மையமான குறை இதுதான்.

நூலகரைப் போலவே இருக்கையும் தேவை. ரங்கநாதன் 1945இல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்த இடம் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம். அங்கே உள்ள சயாஜிராவ் கெய்க்வாட் நூலகத்தின் வட்ட வடிவ வாசிப்பறைக்கு ஒரு பின்கதை உண்டு. 1931 வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போன பல்கலைக்கழக நிறுவனர் மதன் மோகன் மாளவியா, பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பறையைப் பார்த்துவிட்டு அப்படியொன்று தன் பல்கலைக்கழகத்துக்கும் வேண்டும் என்று விரும்பினார். பரோடா மன்னர் சயாஜிராவ் பணம் கொடுத்தார். 1941இல் கட்டடம் முடிந்தது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று, புத்தகம் வைக்கும் இடத்தைப் போலவே வாசகர் உட்காரும் இடத்துக்கும் அத்தனை கவனம் கொடுத்துக் கட்டியது என்பதுதான் இதில் முக்கியமானது.

அதே பல்கலைக்கழகத்தில் 2016இல் மாணவர்கள் நூலகத்தை 24 மணி நேரமும் திறந்து வைக்கக் கோரி உண்ணாவிரதம் இருந்தார்கள். சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். புத்தகம் எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்ட காலத்தில் நூலகக் கட்டடத்துக்காக ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர் இருப்பதையும், வீட்டில் ஒரே அறையில் தொலைக்காட்சியும் தம்பி தங்கைகளும் இருப்பதையும், மின்விசிறியும் நிலையான மின்சாரமும் வைஃபையும் மேசையும் ஒருசேரக் கிடைப்பது அரிது என்பதையும் அறிந்தவருக்கு அந்தக் கேள்வி எழாது. ஏழை மாணவருக்கு நூலக இருக்கைதான் சொந்த அறை.

அந்த இருக்கை எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததும் இல்லை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியில் இளங்கலை படித்த பெண்களுக்கு, மைய நூலகமான மௌலானா ஆசாத் நூலகத்தில் நீண்ட காலம் அனுமதி இல்லை. இடம் போதாது என்பது நிர்வாகம் சொன்ன காரணம். 2014 நவம்பரில் அது நாடு தழுவிய விவாதமாகி, வழக்காக அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போய், பெண்களை அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகே நிலை மாறியது. அடுத்த ஆண்டு டெல்லியில் மகளிர் விடுதிகளின் இரவுக் கட்டுப்பாடுகளுக்கு எதிராக எழுந்த ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கமும் நூலக நேரத்தைத் தன் கோரிக்கையில் சேர்த்துக்கொண்டது. நூலகம் இரவு முழுக்கத் திறந்திருந்தாலும் விடுதி வாயில் மாலையில் மூடப்பட்டால், இரவு வாசிப்பறை ஆண்களுக்கு மட்டுமானதாகிவிடும். சேவை நேரத்தை நீட்டிக்கும்போது விடுதி விதியையும் பேருந்தையும் வழியில் உள்ள விளக்குகளையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

இருக்கைக்குத் தட்டுப்பாடு வந்தால் சந்தை உள்ளே வருகிறது. போட்டித் தேர்வர்கள் குவியும் நகரங்களில் மாத வாடகைக்கு மேசை கொடுக்கும் ‘ரீடிங் ரூம்’கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பிளக் பாயின்ட், இரண்டு பக்கமும் தடுப்புப் பலகை. அங்கே புத்தகம் இருக்க வேண்டும் என்றில்லை. 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜிந்தர் நகரில், பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் நடந்த நூலகத்துக்குள் மழைநீர் புகுந்தது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். அந்த அடித்தளத்தில் நூலகம் நடத்த அனுமதி இல்லை. படிக்க ஓர் இடம் என்பது எவ்வளவு அடிப்படையான தேவை, அது கிடைக்காதவர்கள் எங்கெல்லாம் போய் உட்கார வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

சென்னையில் இந்தத் தேவையை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட கட்டடம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அருகில், கோட்டூர்புரத்தில் இருக்கிறது. 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வாசகர் தம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போவதாக அறிவிப்பு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த வரலாறுதான். பல்கலைக்கழக நூலகங்களில் பலவும் சொந்தப் புத்தகத்தையும் பையையும் வாசலிலேயே வைக்கச் சொல்லும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. மின்நூலும் மடிக்கணினியுமாகப் படிக்கும் தலைமுறைக்கு இந்த விதி பொருந்தாது. மாணவர் தேடிவந்த இதழ் அவருடைய கணினிக்குள்தான் திறக்கப்போகிறது. அந்தக் கணினிக்கு மேசையும் மின்சாரமும் வளாக வலையும் கொடுப்பது நூலகத்தின் வேலை. இருக்கையும் இணையச் சேவையும் ஒரே சேவையின் இரண்டு பக்கங்கள் என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

வாசிப்பறைக்குள்ளும் தேவைகள் ஒன்றோடொன்று மோதும். ஆய்வேடு எழுதுகிறவருக்கு அமைதி வேண்டும். நான்கு பேர் சேர்ந்து கணக்குப் போடுகிறவர்களுக்குப் பேச்சு வேண்டும். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்தால் இரு தரப்பும் கெடும். கதவுள்ள சிறு அறைகளைக் குழுக்களுக்கு ஒதுக்கி, இணையத்தில் மணிக்கணக்கில் முன்பதிவு செய்யவைப்பது உலகின் பல பல்கலைக்கழகங்களில் இன்று சாதாரண நடைமுறை. காலையில் பையை வைத்து இருக்கையைப் பிடித்துவிட்டு மாலை வரை வராமல் இருப்பதற்கும் அதே முன்பதிவு முறையில் தீர்வு உண்டு; குறித்த நேரத்துக்குள் வந்து பதிவு செய்யாவிட்டால் இருக்கை அடுத்தவருக்குப் போய்விடும். நம் ஊரில் இதற்குப் புது மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தேர்வு மாதத்தில் நுழைவிடத்தில் ஒருவர் பதிவேட்டோடு உட்கார்ந்தாலும் வேலை நடக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவருக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. பதிப்பகங்களின் ஒப்பந்தங்கள் பலவற்றில், உறுப்பினர் அல்லாத ஒருவர் நூலகத்துக்குள் நேரில் வந்து அங்குள்ள கணினியில் படிக்க அனுமதிக்கும் விதி இருக்கிறது. பட்டம் முடித்து வெளியேறிய நாளே கடவுச்சொல்லை இழக்கும் மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், உள்ளூர் வரலாறு எழுதும் தனி ஆய்வாளர் ஆகியோருக்கு இந்த ஒரு நாற்காலி பெரிய உதவி. சந்தாப் பணம் பொதுமக்கள் வரியிலிருந்து வருகிறது. தங்கள் ஒப்பந்தத்தில் அப்படி விதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வாசலில் அறிவிப்புப் பலகையாக வைப்பது நூலகங்களின் கடமை.

இதுவரை பேசியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவற்றைப் பற்றியவை. தமிழ் இலக்கியத்திலோ தமிழக வரலாற்றிலோ ஆய்வு செய்பவருக்கு அந்த 13,000 இதழ்களில் கிடைப்பது சொற்பம். அவருடைய உண்மையான நூலகம் வேறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி கடவுச்சொல்லே கேட்பதில்லை.

முதலில் ஷோத்கங்கா. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. அதன்படி இன்ஃபிளிப்நெட் நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் ஆய்வேடுகளின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறை ஆய்வேடுகளும் அதில் ஏராளம். அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. அதை இன்று யாரும் எங்கிருந்தும் தேடிப் பார்க்கலாம்; தேடும் வசதியைத் தருவது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்த பிறகு சிதறிப் போகாமல் தமிழ்நாட்டிலேயே நிலைத்ததற்கும் அதே சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியதுதான் காரணம்; சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி உருவானது. ஈழத்து எழுத்துக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம், தன் நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக வருடி இணையத்தில் ஏற்றிவருகிறது. தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய அச்சு நூல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தில் இந்த ஐந்து இணைப்புகளும் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும் என்ற குறிப்போடு இருந்தால் தமிழ் மாணவருக்கு மாதக்கணக்கான அலைச்சல் மிச்சமாகும்.

கடவுச்சொல் இல்லாத இந்தக் கதவுகளிலும் ஒரு பூட்டு இருக்கிறது. அது எழுத்துருப் பூட்டு.

ஷோத்கங்காவில் உள்ள தமிழ் ஆய்வேடுகளில் பல, யூனிகோடு பரவுவதற்கு முன்பிருந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று ஒவ்வொரு டிடிபி மையத்திலும் ஒன்று. திரையில் பார்க்க அழகான தமிழ்தான். ஆனால் கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பை. ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் அந்தக் குப்பை வெளியே தெரியும். தேடுபொறிக்கும் அந்தக் குப்பைதான் தெரியும். ‘பாலைத்திணை’ என்று யூனிகோடில் தேடுகிறவருக்கு, பாலைத்திணை பற்றி 300 பக்கம் எழுதிய ஆய்வேடு அகப்படாது. வேறு சில ஆய்வேடுகள் பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்தவை. அவற்றில் எழுத்தே இல்லை, படம் மட்டும்தான். பார்வையற்ற மாணவருக்கு இரண்டுமே மூடிய நூல்கள். திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது. பழைய எழுத்துருவைப் படித்தால் புரியாத ஒலிதான் வரும். பார்வையற்றோருக்கு நூல்களை எட்டும் வடிவில் தருவதற்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதலில் ஏற்பு வழங்கிய நாடு இந்தியா. பதிப்புரிமைச் சட்டமும் 2012 திருத்தத்திலேயே அதற்கு வழிவிட்டிருந்தது. சட்டம் அனுமதித்த பிறகும், அரசுப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வேடு அந்த மாணவருக்கு எட்டாமல் இருப்பதற்கு எழுத்துருவே காரணமாக இருக்கிறது.

தலைப்புகளின் நிலையும் சிக்கலானது. தமிழ் ஆய்வேடு ஒன்றின் தலைப்பு தமிழ் எழுத்தில் இருக்கலாம், ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கலாம், ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்தும் இருக்கலாம். சிலப்பதிகாரத்தை ஒருவர் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குவார், பேரகராதி முறையைப் பின்பற்றும் இன்னொருவர் ‘சி’ எழுத்தில் தொடங்குவார். நடுவே வரும் தகரத்துக்கு ‘டி’யா, ‘டிஎச்’சா என்பதில் மறுபடி பிரிவார்கள். விவரம் தெரிந்த ஆய்வாளர்கள் இதனால் ஒரே தலைப்பை நான்கைந்து எழுத்துக்கூட்டில் தேடுகிறார்கள். அதோடு, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துத் துறைவாரியாகப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓட்டியும் பார்க்கிறார்கள். புதிதாக வரும் மாணவர் முதல் தேடலிலேயே நின்றுவிடுகிறார். பிறகு அதே தலைப்பில் இன்னோர் ஆய்வேடு எழுதப்படுகிறது.

இதைச் சரிசெய்வது முடியாத காரியம் இல்லை என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1998இல் சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். தொடக்கத்தில் பழைய குறியாக்கங்களில் இருந்த அந்த நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டு இன்று தேடக்கூடியவையாக இருக்கின்றன. சம்பளமில்லாத தொண்டர்கள் செய்துகாட்டிய வேலை இது. தமிழ்நாடு அரசும் 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படமாக உள்ள பக்கங்களுக்குத் தமிழ் எழுத்துணரிகள் முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கின்றன.

வாய்ப்பான இடமும் நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒப்புமைச் சோதனை செய்துகொள்ள மாணவர் பல பல்கலைக்கழகங்களில் நூலகத்துக்குத்தான் வருகிறார். ஷோத்கங்காவில் ஏற்றுவதற்கான கோப்பையும் பெரும்பாலும் அங்கேயே கொடுக்கிறார். அந்த மேசையில் சில நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: உரை யூனிகோடில் இருக்க வேண்டும், தலைப்பைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை, பேரகராதி முறையில் ரோமன் எழுத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை தர வேண்டும். பழைய எழுத்துருவில் கொண்டுவருபவருக்கு மாற்றிக்கொடுக்க நூலக ஊழியர் ஒருவருக்குப் பயிற்சி போதும். ஏற்கெனவே ஏறிவிட்ட ஆய்வேடுகளில் முழு உரையையும் ஒரே மூச்சில் மாற்றத் தேவையில்லை. தலைப்புப் பக்கம், பொருளடக்கம், துணைநூற்பட்டியல் இவற்றை மட்டும் முதலில் யூனிகோடில் தட்டச்சு செய்து சேர்த்தாலே தேடுகிறவருக்கு அந்த ஆய்வேடு இருப்பது தெரிந்துவிடும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களில் தமிழோ நூலக அறிவியலோ படிக்கும் மாணவர்களுக்கு இதைக் களப்பயிற்சியாகக் கொடுக்க முடியும். ஓர் ஆய்வேட்டுக்குத் தட்டச்சு செய்ய வேண்டியது இருபது, முப்பது பக்கங்களுக்கு மேல் வராது.